லோக்கல் சேனல்

விடிந்ததும் அத்தை, அதாவது என் மாமியார், கேபிளில் லோக்கல் சேனலைத்தான் போடுவார். சுற்றுவட்டாரத்தில் இறந்தவர்களின் படமும் அடக்க நேரமும் அதில் ஓடும். எனக்கு எரிச்சலாக வரும்.

"ஏன் அத்த, வெள்ளனவே யாரு செத்தாகன்னு பாக்கணுமா?" என்று ஒருநாள் கேட்டேன். அடுத்த வாரமே கேபிளை நிறுத்திவிட்டு, இன்டர்நெட்டில் ஓடும் டிவி வாங்கினேன். அதில் லோக்கல் சேனல் வராது.

மூன்று மாதம் கழித்துச் சந்தையில் ஒரு பெண் அத்தையைப் பார்த்ததும் அழுதாள். தேவாரம் ஊர்ப் பேச்சியம்மாவின் மகள். பேச்சியம்மாவும் அத்தையும் இருபது வருடம் ஒரே திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள்.

"அம்மா போயி ஒரு மாசமாச்சு. ஒங்க நம்பரு எங்ககிட்ட இல்ல. டிவியில பாத்துட்டு வந்துருவாகன்னு, பொழுது சாயுற வரைக்கும் தூக்காம வச்சிருந்தோம்."

அத்தை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "எனக்கு அன்னைக்குக் காய்ச்சல் தாயி" என்றார். பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தார்.

மறுநாளே கேபிள் இணைப்பு வாங்கி, ரிமோட்டை அவர் கையில் கொடுத்தேன். என்னிடமே திருப்பித் தந்துவிட்டார்.

"இனி அதுல நான் பாக்க யாரு இருக்கா? நான் போனா மட்டும் மறக்காமப் போட்டுரு."

போன தை மாதம் போட்டேன். முதல் பஸ்ஸிலேயே பேச்சியம்மாவின் மகள் வந்து இறங்கினாள். "அன்னைக்குக் காய்ச்சலோட படுத்துக் கெடந்தாகளே" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தைக்கு அன்று காய்ச்சலே இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.