மூன்று கோலுக்கு ஆறு மார்க்

மீஞ்சூர் ரயில் நிலையத்தில், ஷிப்ட் முடிந்து நின்றிருந்தபோது போன் வந்தது. கஸ்தூரி அக்காவின் தம்பி தேசப்பன். "அக்கா பூட்ச்சிடா" என்றான். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது. மீன் மார்க்கெட்டையே ஒரு அதட்டலில் திரும்பிப் பார்க்க வைத்த மனுஷியை, ஐம்பது வயதுகூட ஆகாமல், ஒரு நெஞ்சுவலி கொண்டுபோவதா? இதென்ன அநியாயம்!

அக்காவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழவேற்காட்டில் இறால் வியாபாரம் செய்தவர். எங்கள் குப்பத்தில் பொங்கலுக்கு நடக்கும் கால்பந்துப் போட்டியில், ஆட்டம் முடிந்ததும் மைக்கைப் பிடித்து, இரண்டு அணியிலும் ஆடிய ஒவ்வொருவருக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டவர். காரணமும் சொல்வார். பொம்பளைக்கு இதெல்லாம் இன்னா தெரியும் என்று முதல் வருடம் முணுமுணுத்தவர்கள், மறு வருடம் தங்கள் பிள்ளையின் மார்க்கைக் கேட்காமல் வீட்டுக்குப் போகவில்லை.

எனக்கு ஒருமுறை நாலு போட்டார். நான் தடுப்பாட்டக்காரன். அன்று எதிரணியை ஒரு கோல்கூட அடிக்க விடவில்லை. சண்டைக்குப் போனேன்.

"பந்து உன் பக்கம் வரவே இல்லடா. வந்த ரெண்டு வாட்டியும் நீ ஜனத்தை வேடிக்க பாத்துக்கினு நின்ன. நாலே ஜாஸ்தி" என்றார்.

அவருடைய கணக்கு ஏரியிலிருந்து வந்தது. எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. பாடு என்று முறை வைத்திருக்கிறோம். சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த இடம் என்று பிரித்துக்கொள்வோம். நல்ல பாடு விழுந்தவன் கூடை நிறையக் கொண்டுவருவான். மோசமான பாட்டில் நின்று அரைக்கூடை கொண்டுவந்தவனைத்தான் எங்கள் ஆட்கள் கெட்டிக்காரன் என்பார்கள். ஆட்டக்காரனையும் அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது அக்காவின் கட்சி. எந்த இடத்தில் நின்றான், காற்று யார் பக்கம், கூட நின்றவர்கள் எப்படி, எல்லாம் பார்த்துத்தான் மார்க்.

ஒரு வருடம் இறுதி ஆட்டம் பார்க்க மீஞ்சூர்க் கம்பெனி அதிகாரி ஒருவர் வந்தார். அக்காவின் மார்க்கில் முதலாவதாக வருபவனுக்குக் கம்பெனி அணியில் இடமும் வேலையும் தருகிறேன் என்றார். அன்று தேசப்பன் மூன்று கோல் அடித்தான். வேலை அவனுக்குத்தான் என்று ஊரே குதித்தது. கமிட்டித் தலைவர் அக்காவிடம் வந்து, ஒன்பதாகப் போட்டுவிடம்மா, உன் தம்பிதானே என்றார்.

"தம்பின்னு கூட்டிப் போட்டா, நாளைக்கு எவன் புள்ளைக்கும் என்னால கொறைச்சிப் போட முடியாது" என்று சொல்லிவிட்டு அக்கா மைக்கை எடுத்தார். "தேசப்பனுக்கு ஆறு. மூணு பந்தையும் காத்து கொண்டாந்து குடுத்துச்சு, இவன் காலை வச்சான். எதுத்து ஆடுன குப்பத்து கோல்கீப்பர் மோசஸுக்கு எட்டு. எதிர்க்காத்து, முன்னாடி தடுக்க ஆளில்ல. வுட்டதை மட்டும் எண்ணாதீங்க, புடிச்சதையும் எண்ணுங்க."

பாதியிலேயே மைக்கை அணைத்தார்கள். அக்கா நிறுத்தவில்லை. மிச்சமிருந்த இருபது பேருக்கும் வெறும் தொண்டையில் மார்க் சொல்லி முடித்தார். எட்டுக்கு மேல் யாருக்கும் விழவில்லை; வேலை மோசஸுக்குப் போயிற்று. தேசப்பன் வலைக்குத் திரும்பினான். ஒரு வருடம் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பிறகு வந்தான், சாப்பிட்டான், ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதே இல்லை.

நேற்று ஏரியில் ஒரு படகும் இறங்கவில்லை. அக்காவைக் கிடத்தியிருந்த பந்தலில் கமிட்டித் தலைவர் எழுந்து, அக்கா நினைவாக ஒரு கோப்பை, அதிக கோல் அடிப்பவருக்கு, முதல் கோப்பை தேசப்பனுக்கே என்று அறிவித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உயிரோடு இருந்தபோது மைக்கைப் பிடுங்கினார்கள், இப்போது பெயரையும் பிடுங்குகிறார்கள். நான் வாய் திறப்பதற்குள் தேசப்பன் எழுந்துவிட்டான்.

"அன்னிக்கு நான் ஆடுனதுக்கு ஆறுதான். வேலை போச்சேன்ற ஆத்திரத்துல அக்காகிட்ட இதைச் சொல்லாமலே இருந்துட்டேன். இப்ப எல்லாருக்கும் கேக்கட்டும், ஆறுதான். கோல எண்ணிக் குடுக்குற கோப்பைக்கு எங்கக்கா பேரு வைக்கக்கூடாது."

அக்காவைத் தூக்கியபோது முன்பக்கம் ஒரு தோள் தேசப்பனுடையது. மறு தோள், கம்பெனிச் சட்டையோடு வேலையிலிருந்து ஓடிவந்த மோசஸுடையது.

போய் வாருங்கள் அக்கா. வரும் பொங்கலுக்கு நானும் தேசப்பனும் மார்க் போடுவோம். மைக் தந்தாலும் சரி, தராவிட்டாலும் சரி, இருபத்திரண்டு பேருக்கும் போடுவோம்.