நாளைக்குப் போகிறேன் என்றேன்

அண்ணனுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்று வைகாசியில் டாக்டர் சொன்னபோது, முதலில் வாயைத் திறந்தவள் நான்தான்.

"நான் தரேன் சார்."

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். டாக்டர் ஒரு சீட்டில் பரிசோதனைகளை எழுதிக் கொடுத்து, ஒரு வாரத்துக்குள் செய்துகொண்டு வரச் சொன்னார். நான் போனது புரட்டாசியில்.

எங்கள் ஊர் மானாம்பதியிலிருந்து பஸ் ஏறினால் ஆஸ்பத்திரிக்கு ஒரு மணி நேரம். என் வீட்டுக்காரரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் பழியை அவர்மேல் போட்டிருப்பேன். முதல் வாரம் களையெடுப்பு என்றேன். அப்புறம் சளி. அப்புறம் ஆடி மாதம், நல்ல காரியம் வேண்டாம். அப்புறம் அறுப்பு. எல்லாமே உண்மையான காரணங்கள். அதனால்தான் என்னையே நான் நம்பினேன்.

சோம்பேறித்தனம் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த நான்கு மாதத்தில் நான் உழைத்ததுபோல் எப்போதும் உழைத்ததில்லை. பரணை ஒழித்தேன். பழைய கம்பளிகளையெல்லாம் துவைத்தேன். மாட்டுக் கொட்டகைக்குப் புதிதாகத் தரை மெழுகினேன். காலையில் எழுந்ததும் வயிற்றில் கல் கிடக்கும். 'இன்னைக்கு வேணாம், நாளைக்குப் போலாம்' என்று முடிவு செய்த நொடியில் கல் கரைந்துவிடும். அந்த நிம்மதி இருக்கிறதே, அதற்குத்தான் நான் அடிமையானேன். ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் சீக்கிரமாகத் தீர்ந்துபோனது.

டயாலிசிஸில் நாளை ஓட்டிக்கொண்டிருந்த அண்ணன் தினமும் போன் பண்ணுவார். பரிசோதனையைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. "மாடு கன்னு போட்ச்சா? ஏரில தண்ணி கீதா?" என்பார். குரல் வாரத்துக்கு வாரம் மெலிந்தது. திட்டியிருந்தால் மறுநாளே போயிருப்பேனோ என்னவோ.

கேட்டது அண்ணிதான். ஆடிக் கடைசியில்.

"இன்னாம்மா, டெஸ்ட்டுக்குப் போய்ட்டு வந்தியா?"

"போனேன் அண்ணி. ரிப்போர்ட்டு வரல."

யோசிக்காமல் வந்த பொய். அதற்குப் பிறகு போவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. போனால் இதுவரை போகாதது தெரிந்துவிடும்.

புரட்டாசியில் அண்ணனுக்கு மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சேதி கேட்ட கையோடு சேறு காய்ந்த புடவையிலேயே பஸ் ஏறினேன். ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். அவ்வளவு பயந்தது இதற்கா என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எல்லாம் பொருந்தி வந்தது. ஆனால் அண்ணனின் இதயம் பலவீனமாகிவிட்டதால் ஆபரேஷனைத் தாங்க மாட்டார் என்று சொல்லிவிட்டார்கள்.

டாக்டரைத் தனியாகப் பிடித்தேன். "அப்பவே வந்திருந்தா?"

"அப்படியெல்லாம் உறுதியா சொல்ல முடியாதும்மா" என்றார். ஆமாம் என்றோ இல்லை என்றோ அவர் சொல்லியிருக்கலாம்.

கார்த்திகையில் அண்ணன் போய்விட்டார்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்து, திருமுக்கூடலில் அண்ணன் வீட்டில் நானும் அண்ணியும் மட்டும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தோம். என்னால் அதற்குமேல் முடியவில்லை.

"அண்ணி, நான் அன்னிக்குப் பொய் சொன்னேன். நான் போகவேயில்ல."

அவர் கழுவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும். மறுநாளே லேப்புல போய்க் கேட்டேன். அந்தப் பேர்ல யாரும் வரலன்னுட்டாங்க."

"அப்ப ஏன் அண்ணி என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ முடியாதுன்னு சொல்லிட்டா இன்னா பண்றது? என் ரத்தம் அவருக்குச் சேரல, வேற யாரு கீறாங்க? கேக்காத வரிக்கும் நீ தருவன்னு நெனச்சிக்கினு இருக்கலாம் இல்ல. இன்னைக்குக் கேக்கலாம், நாளைக்குக் கேக்கலாம்னு நானும் தள்ளிக்கினே இருந்துட்டேன்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இருவரில் யாரும் எழுந்து அதை மூடவில்லை.