தேசி முள்

ஆவணி மாதம் ஆறாம் திகதி, வெள்ளிக்கிழமை, பகல் இரண்டே கால் மணி. சோளகக் காற்று எங்கள் ஊர் நீர்வேலியின் வாழையிலைகளைக் கிழித்துக்கொண்டிருந்தது, மழை இல்லை. எனக்கு ஒன்பது வயது. கையில் ஒரு தேசி முள், எலுமிச்சை மரத்தில் முறித்தது. வாங்குப் பலகையில் நித்திரையாகக் கிடந்த சித்தப்பாவின் கன்னத்தில் அதால் குத்திவிட்டு வரும்படி அப்பா என்னை அனுப்பியிருந்தார்.

சித்தப்பா வன்னியில் காடு வெட்டிக் கமம் செய்துவிட்டு, கன்னத்தில் ஒரு புண்ணோடு திரும்பியிருந்தார். ஐம்பது சதக் காசுக் குற்றி அளவு. ஓரம் தடித்து, நடு குழிந்து. தானாக அது நோகவில்லை. அதுவே வினையாயிற்று. குட்டநோய் என்று அயலில் கதை எழும்பியது. ஞாயிற்றுக்கிழமை அக்காவைப் பெண் பார்க்க வரவிருந்தார்கள். குட்டம் உள்ள வீட்டில் யார் கை நனைப்பார்கள்? குட்டத்துக்கு உணர்ச்சி இராது, குத்திப் பார்த்தால் தெரியும் என்று பெரியம்மா சொன்னார். நான் எந்நேரமும் சித்தப்பாவின் மடியில் கிடப்பவன். என்னை அனுப்பினால் சந்தேகம் வராது.

புண்ணில் குத்தினேன். ஒரு துளி இரத்தம். கண் திறக்கவில்லை. வாங்கின் மறுமுனையில் கால் பெருவிரல் மட்டும் மடங்கி, மெல்ல நிமிர்ந்தது.

“முகம் அசைஞ்சதோ?” கதவுக்குப் பின்னால் நின்ற அப்பா கேட்டார்.

“இல்லை.”

“வடிவாப் பாத்தனியோ?”

“ஓம்.”

கால்விரலைப் பற்றி அவர் கேட்கவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொன்ன பெருமையோடு நின்றேன்.

எல்லாரும் அண்ணாந்து குடிக்கும் மூக்குப்பேணி அன்று மாலை உள்ளே போய்விட்டது. சித்தப்பாவுக்குத் தேநீர் தேங்காய்ச் சிரட்டையில் வந்தது. அப்பா முள்ளைப் பற்றியும் என் சாட்சியைப் பற்றியும் சொன்னார். சித்தப்பா என்னைப் பார்த்தார்.

“பெடியன் பொய் சொல்லமாட்டான், அண்ணை” என்றார்.

மறுநாள் முதல் பஸ்ஸில் வன்னிக்குத் திரும்பினார். அக்காவின் கலியாணத்துக்கும் வரவில்லை. அங்கேயே செத்தும் போனார்.

போன வருடம் நான் வன்னியில் மகள் வீட்டில் சில கிழமை தங்கினேன். திரும்பி வந்தபின் முழங்கைக்குக் கீழே அதே புண். முழுக்கைச் சட்டையால் ஐந்து மாதம் மறைத்தேன். மருமகள் தேநீர்க் கோப்பையை நீட்டும்போதெல்லாம் சிரட்டை நினைவுக்கு வந்து கை கூசியது. கடைசியில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் பிள்ளை ஊசி முனையால் புண்ணைத் தொட்டாள். கையை இழுத்துக்கொண்டேன்.

“நோகுதெல்லே ஐயா? அப்ப குட்டமில்லை.”

மணல் ஈ கடித்து வரும் ஒட்டுண்ணி என்றாள். கிருமிகளை விழுங்கிக் கொல்ல உடம்பில் காவல் அணுக்கள் உண்டாம். இந்த ஒட்டுண்ணி அவற்றுக்குத் தப்பி ஓடாது. தானே போய் ஒட்டிக்கொண்டு, தன்னை விழுங்க விட்டு, உள்ளேயே குடியிருந்து பெருகுமாம்.

“காவல்காரனே அதைக் காவிக்கொண்டு திரியிறான், ஐயா. ஆனா தொட்டா ஒருத்தருக்கும் ஒட்டாது.”

அந்தப் பெருவிரல் நினைவுக்கு வந்தது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சித்தப்பா நித்திரை கொள்ளவில்லை. கண்ணைத் திறந்திருந்தால் நான் பிடிபட்டிருப்பேன். நொந்தது என்று பிறகு சொல்லியிருந்தால் நான் பொய்யனாகியிருப்பேன். அப்பாவின் பூவரசந்தடி என் முதுகில் முறிந்திருக்கும். அதற்காக ஒரு மனிதன் வீட்டை விட்டே போவான் என்பது ஒன்பது வயதில் எனக்கு விளங்கவில்லை.

கிழமைக்கு ஒரு ஊசி, எட்டுக் கிழமை. புண் ஆறிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஊசிக்குக் காசு வாங்கவில்லை. போய்வர பஸ்ஸுக்கு மட்டும், ஆகமொத்தம், தொள்ளாயிரத்து அறுபது ரூபாய்.