கண்டக்டர் கையைத் தூக்கினார்

முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் விசிலடித்தவர் கண்டக்டர். எள் விழ இடமில்லாத கூட்டத்திலும் பிக்பாக்கெட்காரன் எவனென்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவரை எழுபத்து மூன்றாவது வயதில், சொந்த வீட்டிலேயே ஒருவன் ஏமாற்றிவிட்டுப் போனான்.

குடிநீர்க் குழாயைச் சோதிக்க வந்ததாகச் சொன்னான். "சமையலறைக் குழாயைத் திறந்து பிடிச்சுக்குங்க பெரியவரே, நான் உள்ளே பிரஷர் பாக்கறேன்" என்றான். இவரும் பத்து நிமிஷம் குழாயைப் பிடித்தபடியே நின்றார். அவன் போன பிறகுதான் பீரோ திறந்து கிடப்பது தெரிந்தது. மறைந்த மனைவியின் இரண்டு வளையல்களும் இல்லை.

போலீசுக்குப் போகவில்லை. மகளிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால், தனியாக இருந்தது போதுமென்று பெட்டியைக் கட்டிவிடுவாள். 'ஊரான் பாக்கெட்டையெல்லாம் காப்பாத்தினவனுக்குச் சொந்த பீரோவைக் காப்பாத்தத் துப்பில்லை' என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

அடுத்த மாதம் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் முதியவர்களுக்கு ஒரு கூட்டம். வந்திருந்த பெண் காவலர், "உங்கள்ல யாராவது ஏமாந்திருக்கீங்களா?" என்று கேட்டார். முப்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். கண்டக்டரைக் கூச்சம் பிடுங்கித் தின்றது. ஆனால் பக்கத்து நாற்காலியில் தையல்காரம்மா கைக்குட்டையை முறுக்கு முறுக்கென்று முறுக்குவதைக் கவனித்தார். டிக்கெட் எடுக்காமல் நிற்பவர்களின் முகம் அவருக்குத் தெரியாதா என்ன?

கையைத் தூக்கினார். "நான் ஏமாந்தேம்மா. முட்டாள் மாதிரி குழாயைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. "அண்ணே, என்னையும் குழாயைத்தான் பிடிக்கச் சொன்னான்" என்று விசும்பினார் தையல்காரம்மா. "என் மருமகளுக்குக்கூடத் தெரியாது." பின்வரிசையில் இன்னொரு கை எழுந்தது.

இடது புருவத்தில் வெட்டு, மூக்கால் பேசும் குரல். மூவரும் சொன்னதைக் காவலர் எழுதிக்கொண்டார். அன்றே ஓர் ஏற்பாடும் ஆயிற்று. வேலை என்று எவர் வந்தாலும் கதவைத் திறக்கும் முன் கண்டக்டருக்கு ஒரு போன். அவர் அந்தந்த அலுவலகத்தில் விசாரித்துச் சொல்வார்.

மூன்றாம் வாரம், மேல்மாடியிலிருந்து போன் வந்தது. ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் கிசுகிசுத்தார். "மீட்டர் பாக்கணும்னு ஒருத்தன் வெளியே நிக்கறான். புருவத்துல வெட்டு."

"திறக்காதீங்க டீச்சர். சாவி தேடறேன்னு சொல்லிக்கிட்டே இருங்க."

டீச்சர் கால் மணி நேரம் சாவி தேடினார். அதற்குள் கண்டக்டர் போன் செய்து வரவழைத்த காவலர் படியேறி வந்து அவனைப் பிடித்துவிட்டார்.

வளையல்கள் கிடைக்கவில்லை, என்றைக்கோ உருக்கி விற்றுவிட்டானாம். செய்தி கேட்டு ஓடிவந்த மகள், "ஏம்பா எங்கிட்ட மறைச்சீங்க?" என்று அழுதாள்.

"கையோட கூட்டிட்டுப் போயிடுவியோன்னு பயந்தேன்மா."

"அதுக்குத்தான் வந்தேன்."

சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. அடுப்பு ரிப்பேருக்கு யாரோ வந்திருப்பதாகத் தையல்காரம்மா சொன்னார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நம்பரைத் தேடி, இரண்டு இடத்தில் விசாரித்து, "நிஜமான ஆள்தான், திறங்கம்மா" என்று சொல்லும்வரை மகள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று சாயங்காலம் அவள் தனியாகத்தான் பஸ் ஏறினாள். கிளம்பும் முன் கடைக்குப் போய் நல்ல கதவுச் சங்கிலி ஒன்று வாங்கி, வாசலில் மாட்டிவிட்டுப் போனாள்.