கோழிக்கடைக்கு ஒரு சீதனம்

போன ஞாயிற்றுக்கிழமை கொக்குவிலில் பொரித்த கோழி சாப்பிட்டேன். கடை என் மனைவியின் தம்பி ரவியுடையது. திறந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கொழும்புக் கம்பனி ஒன்றின் பிரான்சைஸ். கம்பனியின் பெயரை எழுதமாட்டேன்... எழுதினால் அதற்கும் கட்டணம் கேட்பார்கள்!

ரவி கட்டாரில் ஹோட்டல் குசினியில் பல வருடம் வெந்தவன். சொந்தக் கடை வைக்கத் தெல்லிப்பழைக் காணியை விற்றான். பிறகு ஒரு நாள் சிரித்த முகத்தோடு வீட்டுக்கு வந்தான்.

“அத்தான், இனிஷியல் பீஸ் கட்டிப்போட்டன்!”

“என்னத்துக்கடா அது?”

“அவையளின்ரை பேரைப் பாவிக்கிறதுக்கு.”

“அப்ப அடுப்பு, பிரிஜ், மேசை?”

“அது நாங்கள்தான் வாங்கவேணும்... அவையளிட்டை மட்டும்.”

“கடை திறக்கேல்லையெண்டால் காசு திரும்பி வருமோ?”

ரவி மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தான்.

கம்பனி மனேஜர் “எங்கள் குடும்பத்துக்கு வரவேற்கிறோம்” என்று கைகுலுக்கினாராம். குடும்பத்தில் சேரக் காசு கொடுப்பது நமக்கென்ன புதிதா? சீதனம் கொடுத்துப் பழகிய சனம்தானே! ஆனால் எந்த மாப்பிள்ளையும் கலியாணத்துக்குப் பிறகு இந்தக் கம்பனி போல மாதா மாதம் வருமானத்தில் ராயல்டி என்று ஒரு பங்கு கேட்டதாக நான் அறியேன். சரி... கேட்டவர்களும் இருக்கலாம்.

ஆரம்பக் கட்டணம்தான் பெரிய செலவு என்று ரவி நம்பியிருந்தான். அது வெறும் வாசல் டிக்கெட் என்பது, அடுப்பின் விலை வந்தபோதுதான் புரிந்தது. பெயர்ப்பலகைக்குத் தனிக் காசு. பயிற்சிக்கும் தனிக் காசு — கட்டாரில் காலமெல்லாம் கோழி பொரித்தவனுக்கு, கோழி பொரிக்கப் பயிற்சி!

விலகிவிடலாம் என்று போன் எடுத்தான். கட்டிய காசு திரும்பாது என்று மிக மரியாதையாகச் சொன்னார்கள். குடும்பம் அல்லவா?

அவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டு நானும் மனைவியும் போனோம். அவன் மனைவி சுமதி ஏசவில்லை. அடகு வைக்கச் சொல்லித் தன் தங்கக் காப்புகளைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“போனது போகட்டும். கடையைத் திறக்கிற அலுவலைப் பாருங்கோ. ஆனா, இனி எதிலை கையெழுத்து வைக்கிறதெண்டாலும் முதல் நான் வாசிப்பன்.”

ரவி அழுதான். என் மனைவியும் அழுதாள். இந்த முறை மின்விசிறியைப் பார்த்தது நான்.

கடை திறந்தது. ரவியின் கைப்பக்குவத்துக்குச் சனம் வரத் தொடங்கியது. போன ஞாயிறு, கடையைப் பார்வையிட அந்த மனேஜரே கொழும்பிலிருந்து வந்தார். யாழ்ப்பாணம் ஸ்டேஷனில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் கம்பனியின் பெயரைச் சொன்னாராம்.

“அப்பிடியொரு கடை இஞ்சை இல்லையே, ஐயா.”

மனேஜர் போனில் கடையின் படத்தைக் காட்டியிருக்கிறார்.

“ஓ... உது ரவியண்ணையின்ரை கோழிக்கடையெல்லோ! முதலே சொல்லியிருக்கலாமே!”

இதை மனேஜரே கோழிக்காலைக் கடித்தபடி, சிரித்துச் சிரித்து எங்களுக்குச் சொன்னார். சுமதி சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயரை விற்றவர் அவர். பெயர் எடுத்தவன் ரவி... இனி யார் யாருக்குக் கட்டணம் கட்டுவது?