நுரையீரலில் இரண்டு புள்ளிகள்

கோட்டையூர் பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் மாவு மில் வைத்திருப்பவள் வீரலட்சுமி. பிள்ளைகள் இல்லை. புருஷன் நாகநாதன் மஸ்கட்டில் லாரி ஓட்டுகிறார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மதுரையில் அவளுக்கு இடது கிட்னியை எடுத்தார்கள். கேன்சர் கட்டி. ஆபரேஷனுக்கு லீவு போட்டு வந்தவர், அவள் எழுந்து நடமாடியதும் திரும்பிப் போய்விட்டார். செக்கப்புக்கெல்லாம் அவள் ஒருத்தியாகத்தான் போய்வருவாள். ஸ்கேன் எடுக்கிற இடத்தில், "கூட யாரும்மா வந்திருக்கா?" என்று கேட்டால், "அவுக வெளிய நிக்கிறாக" என்று சொல்லிப் பழகிவிட்டாள்.

இந்த வருஷ ரிப்போர்ட்டை வாங்கிய அன்றைக்கு டாக்டர் ஊரில் இல்லை. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். திரும்புகிற பஸ்ஸிலேயே கவரைப் பிரித்துவிட்டாள். பிளஸ் டூ வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். வயிற்றில் ஒன்றுமில்லை என்பது புரிந்தது. அதற்குக் கீழே நுரையீரலைப் பற்றி ஒரு வரி. இரண்டு சின்ன 'நாட்யூல்' இருக்கிறதாம். போனில் போட்டுப் பார்த்தாள். முடிச்சு என்று வந்தது. கிட்னி கேன்சரோடு சேர்த்துத் தேடினாள். வந்ததைப் பாதிக்கு மேல் படிக்க முடியவில்லை.

மறுநாள் மில்லில் மிளகாய் அரைப்பு.

"என்னக்கா, கண்ணு இப்படிச் செவந்து கெடக்கு?" என்றாள் வத்தல் கொண்டுவந்த ஒருத்தி.

"மொளகா நெடிதான்" என்றாள் வீரலட்சுமி. மில் சத்தத்தில் அதற்குமேல் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை.

சாயங்காலம் நாகநாதன் கூப்பிட்டார். "ரிசல்ட்டு வந்துருச்சா?"

"இன்னும் தரலங்க."

திங்கட்கிழமை டாக்டர் பழைய ஸ்கேனையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஒரு புள்ளி முன்னாடியே இருந்திருக்கு, வளரல. அதை விட்டுருங்க. இன்னொண்ணு புதுசு."

"அது கேன்சருங்களா?"

"இருக்கலாம். சளி பிடிச்சு ஆறின தழும்பாவும் இருக்கலாம். அரிசியில பாதிகூட இல்ல, ஊசி போட்டு எடுத்துப் பாக்க முடியாது. மூணு மாசம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுத்து, வளந்திருக்கான்னு பாப்போம்."

ஆமாம் என்றால் என்ன செய்வது, இல்லை என்றால் எந்தக் கோயிலுக்குப் போவது என்றெல்லாம் யோசித்து வைத்திருந்தாள். இருக்கலாம் என்பதற்கு அவளிடம் ஒன்றுமில்லை.

அன்றைக்குப் புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"சொன்னா அங்குட்டுத் தனியா உக்காந்து அழுவீக. யாரு இருக்கா உங்களுக்கு?"

"உனக்கு மட்டும் யாரு இருக்கா?" என்று கேட்டார்.

அடுத்த ஸ்கேனுக்கு வருகிறேன் என்றார். கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. அவள் தனியாகவே போனாள். புதுப் புள்ளி அப்படியே இருந்தது. "வளரல, நல்ல சேதிதான். ஆனா முடிஞ்சுபோச்சுன்னு சொல்லமாட்டேன். ஆறு மாசத்துல வாங்க" என்றார் டாக்டர்.

பஸ் ஸ்டாண்டில் நின்று நாகநாதனைக் கூப்பிட்டாள். ரிங் போகவில்லை, பாலைவன ரோட்டில் ஓட்டிக்கொண்டிருப்பார். காரைக்குடி பஸ் மேலூரைத் தாண்டும்போது அவளால் அடக்கிவைக்க முடியவில்லை. பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு இருந்த பெண்ணிடம், "எனக்கு வளரலயாம், தாயி" என்றாள்.

அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். என்ன வளரவில்லை என்று அவளுக்குத் தெரியாது. "நல்லதுதானே அக்கா" என்று சொல்லிவிட்டு, திருப்பத்தூர் வந்ததும் கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள்.