மூன்று அடுப்பு வீடு

செஞ்சிக்கு மாற்றல் என்று உத்தரவு வந்தபோது ஆபீஸில் எல்லோரும் எனக்காக வருத்தப்பட்டார்கள். நான் ஒருவன்தான் உள்ளூரச் சந்தோஷப்பட்டேன். அந்தக் கோட்டையைப் பற்றி நாலு புத்தகம் படித்திருந்தேன் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் கிடையாது. நாற்பத்து மூன்று வயதுவரை மாயவரத்தைச் சுற்றி இருபது மைலுக்குள்ளேயே உத்தியோகம் பார்த்தவன் நான். பூமி என்றால் தட்டையாக, ஈரமாக, நடுவில் ஒரு வாய்க்காலோடு இருக்கும் என்று நம்பியவன். அப்படிப்பட்டவனுக்கு மலைமேல் கோட்டை என்றால் கொஞ்சம் தலைகால் புரியாமல் போவது இயற்கைதான்.

அறுபதுகளின் தொடக்கம். தை மாதம், பொங்கல் முடிந்த நாலாம் நாள் வந்து இறங்கினோம். இரண்டு வீடுகள் காட்டினார்கள். ஒன்று கடைத்தெருவுக்குப் பின்னால், பக்கத்திலேயே கிணறு, மார்க்கெட், என் ஆபீஸ். இன்னொன்று ஊர்க்கோடியில், ஒரு கற்குன்றின் காலடியில். பின் ஜன்னலைத் திறந்தால் பாறை. பாறைக்கு மேலே இடிந்த மதில். நான் எதைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்லவும் வேண்டுமா?

என் மனைவி ஜன்னல் வழியாகப் பாறையை அண்ணாந்து பார்த்தாள். "இது உருண்டு வராதா?" என்று கேட்டாள்.

"கோடிக்கணக்கான வருஷமா இங்கேயேதான் இருக்கு."

"பாவம், அதுக்கும் மாற்றல் கிடைக்கலையாக்கும்."

அவள் தன் இரும்பு டிரங்குப் பெட்டியிலிருந்து மேலாக நாலு புடவையை மட்டும் எடுத்தாள். மற்றதை அப்படியே வைத்து மூடி, வாசல் கதவுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். "ஒரு வருஷம் பார்க்கிறேன். அடுத்த பொங்கலுக்குள்ள இந்த ஊர் ஒத்து வரலேன்னா நான் மாயவரத்துக்குத் தம்பி வீட்டோட போயிடுவேன். நீங்க இங்கேயே கோட்டையைக் காவல் காத்துக்கிட்டு இருங்க" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் இருபத்திரண்டு வருஷ அனுபவம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் போய்விட்டால் மிஞ்சுபவனுக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது.

அந்த வீட்டில் மூன்று அடுப்புகள் இருந்தன. பின்பக்கம், பாறையை ஒட்டிய சமையலறையில் ஒன்று. முன்கூடத்து மூலையில் ஒன்று. தெருப்பக்கம் வேப்பமரத்தடியில், தலைக்குமேல் ஓலைச் சாய்ப்போடு ஒன்று. எங்கள் பக்கத்தில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொண்டால் ஒரே வீட்டில் அடுப்பு இரண்டாகும். மனஸ்தாபம் பெரிதென்றால் மூன்றாகும். நான் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். மூன்று சகோதரர்கள்; மூத்தவன் சமையலறையை எடுத்துக்கொண்டான், நடுவுள்ளவன் கூடத்தை; கடைக்குட்டியை மரத்தடிக்குத் துரத்திவிட்டார்கள். அந்தக் கடைக்குட்டிக்காக இரண்டு நாள் மனம் கனத்துத் திரிந்தேன். பிறகு இதையே கருவாக வைத்து, கூட்டுக் குடும்பம் சிதைவதைப் பற்றி ஒரு மாதப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினேன். வெளியாயிற்று. இரண்டு வாசகர்கள் பாராட்டிக் கடிதமும் போட்டார்கள். இருவரும் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள்.

வீட்டுக்காரர் ஒரு முஸ்லிம் பெரியவர். கடைத்தெருவில் பூட்டும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். எதற்கும் குரலை உயர்த்தாத மனிதர். "பாய், கூடத்து அடுப்பை எடுத்துட்டுப் புத்தக அலமாரி வைக்கலாம்னு இருக்கேன். மரத்தடி அடுப்பையும் இடிச்சுட்டு ரோஜாச் செடி வைக்கட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் என்னையும், கூடத்தில் தயாராக நின்ற அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க இஷ்டம் சார். உங்க ஊர்ல எப்படியோ" என்றார்.

இதில் எதையோ கேட்டிருக்க வேண்டும் என்பது இப்போது தெரிகிறது. அன்று எனக்கு அலமாரி சுவரோடு சரியாகப் பொருந்துகிறதா என்பதுதான் கவலை. பொருந்தியது.

மாசி வரைக்கும் ஒரு குறையும் இல்லை. பங்குனியில் பாறை விழித்துக்கொண்டது. பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் அதை எங்கள் சமையலறைச் சுவருக்குள் கொப்பளித்தது. மாயவரத்தில் எவ்வளவு வெயில் அடித்தாலும் சாயங்காலம் ஒரு காற்று வந்து முதுகைத் தடவிக் கொடுக்கும். இங்கே சாயங்காலம்தான் இரண்டாவது வெயில். சுவரில் கை வைத்தால் தோசைக்கல்லில் வைத்தாற்போல் இருக்கும். என் மனைவி சமையலை முடித்துக்கொண்டு வெளியே வரும்போது யாரிடமோ சண்டை போட்டுவிட்டு வருகிறவள் போலிருப்பாள். அந்தச் சண்டையின் மிச்சம் இலையில் எனக்கு வரும்.

கடைக்குப் போய் பாயிடம் முறையிட்டேன். ஒரு பூட்டுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டே சொன்னார்: "இந்த மாசந்தான் சார் அப்டி இருக்குது. அப்பால சரியா பூடும்."

சித்திரையில் போனேன். "இந்த மாசந்தான் சார்." வைகாசியிலும் அதுவேதான்.

அந்த மனிதர் பொய் சொல்லவில்லை என்பதுதான் எரிச்சல். ஆனியில் பாறை உண்மையாகவே அடங்கியது. அடங்கியதும் காற்று கிளம்பிற்று. மேற்கிலிருந்து வந்து குன்றின்மேல் ஏறி, அங்கிருந்து நேரே எங்கள் கொல்லையில் குதித்தது. புகைபோக்கி வழியாகப் போக வேண்டிய புகை, போன வழியே திரும்பி வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தது. ஆடி முழுக்க நாங்கள் கண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தோம். தெருவில் போகிறவர்கள் வீட்டில் துக்கம் என்று நினைத்துக்கொண்டு மெதுவாக நடந்தார்கள். சாம்பாரில் மண். மோரில் மண். ஒருநாள் என் மனைவி எனக்குச் சோறு போட்டுவிட்டு, "இதுவும் சரித்திரப் புகழ் பெற்ற மண்தான், சாப்பிடுங்க" என்றாள்.

"காத்தா? இந்த மாசந்தான் சார்" என்றார் பாய்.

புரட்டாசியில் காற்று நின்றது. ரோஜாச் செடியில் ஒரே ஒரு பூ பூத்தது; குன்றிலிருந்து இறங்கி வந்த குரங்கு அதைத் தின்றுவிட்டுப் போயிற்று. மாற்றல் கேட்டு மூன்றாவது மனுவை அனுப்பினேன். முதலிரண்டுக்கும் வந்த பதிலே அதற்கும் வந்தது, அதாவது வரவில்லை.

பிறகு மழை. எங்கள் ஊரில் மழை பெய்தால் மண் குடிக்கும், வாய்க்கால் குடிக்கும், மிச்சத்தை ஆறு கொண்டுபோகும். பாறை ஒரு சொட்டுக்கூடக் குடிக்காது. மேலே விழுந்தது அத்தனையும் கீழே வரும். கீழே எங்கள் சமையலறைதான் இருந்தது. கார்த்திகையில் ஒரு நாள் காலை அரை மணி மழைக்கே கணுக்கால் அளவு தண்ணீர். அடுப்பு மேடை மட்டும் தீவாக நின்றது. ஓடும் ஒழுகியது. அவள் பலகைமேல் நின்றுகொண்டு ரசம் வைத்தாள். நான் பக்கத்தில் நின்று அடுப்புக்குக் குடை பிடித்தேன். ரசம் நுரை கட்டி வருகிற சமயத்தில் எனக்குத் தும்மல் வந்தது. குடை சாய்ந்தது. அதில் தேங்கியிருந்த தண்ணீர் முழுக்க அடுப்பில் இறங்கி, புஸ்ஸென்று ஒரு சத்தம்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "போதும்" என்றாள்.

"பொங்கலுக்கு இன்னும் ஒன்றரை மாசம் இருக்கு."

"அந்த ஒன்றரை மாசத்தையும் நீங்களே வச்சுக்குங்க."

கொடியில் கிடந்த நாலு புடவையும் பெட்டிக்குள் போயின. ஜட்கா பிடித்து வரும்படி சொன்னாள். பிடித்து வந்தேன். விழுப்புரம் போய் அங்கிருந்து ரயிலேறுவது என்று ஏற்பாடு. போகிற வழி முழுக்க, ஒரு வாரத்தில் திரும்பிவிடுவாய் அல்லவா என்று கேட்க நினைத்துக்கொண்டே இருந்தேன். பதில் தெரிந்திருந்ததால் கேட்கவில்லை.

பஸ் நிலையத்தில் மனிதத் தலைகளைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. வேப்பிலையும் எலுமிச்சம்பழமுமாக ஜனம் பஸ்ஸின் கூரைமேல்கூட உட்கார்ந்திருந்தது. ஒரு கண்டக்டரைப் பிடித்து, "விழுப்புரம் வண்டி எப்போ?" என்று கேட்டேன்.

"இன்னா சார், ஊருக்குப் புதுசா? இன்னிக்கி அமாவாசை. விழுப்புரம் வண்டியும் ஸ்பெசலா மலையனூருக்குப் பூட்சி. நாளைக்கு மதியானமா வா."

மேல்மலையனூரில் அங்காளம்மன் கோயில். அமாவாசை என்றால் இந்தப் பக்கத்து பஸ்களெல்லாம் அங்கேதான் போகும். பத்து மாதமாக இந்த ஊரில் இருக்கிறேன்; ஆபீஸ் காலண்டரில் சிவப்பு மையில் போட்ட நாட்களைத் தவிர எனக்கு வேறு நாள் தெரியாது. கூட்டத்திலிருந்த ஒரு பெண் டிரங்குப் பெட்டியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் மனைவியிடம், "இன்னாம்மா, இம்மாம் பெரிய பொட்டியோட கோயிலுக்கு? அங்கியே தங்கிடப் போறியா?" என்றாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் மனைவி சிரிக்கவில்லை.

"ஒரு பொண்டாட்டியை ஊருக்கு அனுப்பக்கூட உங்களுக்கு நாள் பார்க்கத் தெரியல" என்றாள் என்னிடம்.

அதே ஜட்காவில் திரும்பினோம். பெட்டி மறுபடி கதவோரம் நின்றது. நாளை மதியம் வரை எனக்கு வாய்தா.

ஜட்கா போனதையும் வந்ததையும் அடுத்த தெருவிலிருந்தே பார்த்துவிட்டார் வீட்டுக்காரரின் மனைவி. அரைமணியில் ஒரு குடையும் ஒரு தூக்குப் பாத்திரமுமாக வந்து நின்றார். தூக்கில் அவித்த மல்லாட்டை. வேர்க்கடலைக்கு இங்கே அதுதான் பெயர். அதுவரை வாசலோடு பேசிவிட்டுப் போகிறவர். உள்ளே வாருங்கள் என்று நாங்களும் சொன்னதில்லை, பேச்சில் பாதிதான் புரிந்தது என்பதால்.

"இன்னாம்மா, பொட்டிய தூக்கினு பொறப்ட்டியாமே? மழைக்கு பயந்துகினா?"

"மழைக்கு இல்லை பாயம்மா. அடுப்புக்கு. நீங்களே வந்து பாருங்க" என்று அவர் கையைப் பிடித்துச் சமையலறைக்கு அழைத்துப் போனாள் என் மனைவி. நானும் பின்னால் போனேன்.

அந்த அம்மாள் தண்ணீரையும் அடுப்பையும் பார்த்து மோவாயில் கை வைத்துக்கொண்டார். "ஐய, மழ காலத்துல இங்க யார்னா சோறு ஆக்குவாங்களா? கூடத்துல ஆக்கறதுக்கு இன்னா?"

"கூடத்துல எங்கே?"

"எங்கியா? அந்த மூலைல அடுப்பு இருக்குதே." விடுவிடுவென்று கூடத்துக்கு வந்தார். அலமாரி முன் நின்றார். "அடுப்பு எங்கம்மா? இது இன்னா இது?"

"அவரோட புஸ்தகம்."

"இத்தினியுமா?" கீழிருந்து மேல்வரை பார்த்தார். "மழைக்குக் கூடத்துல ஆக்கணும். வெயிலுக்கும் காத்துக்கும் வேப்பமரத்தாண்ட. பனி வந்தா பின்னால. பாறை கதகதன்னு இருக்கும். ஒரு பொம்பளைக்கித்தாம்மா மூணு அடுப்பும்." என் பக்கம் திரும்பினார். "இம்மாம் படிச்சிக்கிறாரே, இதுல ஒண்ணுலயும் இத எழுதலியா?"

ஒரு மாதப் பத்திரிகையில் எழுதியிருந்தது. நான்தான் எழுதியிருந்தேன்.

என் மனைவிக்கும் அந்தக் கட்டுரை நினைவுக்கு வந்துவிட்டது என்பது அவள் முகத்தில் தெரிந்தது. மிகவும் பணிவாகக் கேட்டாள்: "ஏன் பாயம்மா, இந்த வீட்டுல அண்ணன் தம்பி யாராவது பாகம் பிரிஞ்சு போனாங்களா?"

"யாரு பிரிய? எங்க வூட்டுக்காரரு ஒத்தப் புள்ள."

பத்து மாதத்தில் என் மனைவி சிரித்து அன்றுதான் பார்த்தேன். அவளால் நிறுத்த முடியவில்லை. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, அந்தப் பெட்டியின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். காரணம் புரியாமலே அந்த அம்மாளும் சேர்ந்துகொண்டார். நான் இரண்டு பேருக்கும் நடுவில் மல்லாட்டை உரித்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் பாய் செங்கல்லும் களிமண்ணும் கொண்டுவந்தார். "ஏன் பாய், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நீங்க படிச்சவங்க சார். ஒரே அடுப்புல வருசம் பூரா ஓட்ட உங்க ஊர்ல எதுனா வழி வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றார். அதில் கேலி துளியும் இல்லை. கேலியாக இருந்திருந்தால் நான் கோபப்பட்டிருக்கலாம்.

அலமாரி வெளியேறியது. அது வேப்பமரத்தடிக்குப் போய், சித்திரைக்குள் கரையானுக்கு உணவாயிற்று. அந்த மூலையில் பாயம்மா தன் கையாலேயே அடுப்புப் போட்டார். தரையெல்லாம் புத்தகம், பின்னால் வைத்தால் தண்ணீர், முன்னால் வைத்தால் தீப்பொறி. நான் ஒரு கட்டுப் புத்தகத்தைக் கையில் தூக்கிக்கொண்டு, குட்டியைச் சுமக்கும் பூனை மாதிரி அறைக்கு அறை அலைந்தேன்.

என் மனைவி டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். நாலு புடவை, அதற்குக் கீழே தை மாதத்திலிருந்து வெளிச்சம் பார்க்காத மற்ற புடவைகள், வெள்ளிக் கிண்ணம், தம்பிக்கென்று எடுத்து வைத்திருந்த வேட்டி, எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கொடியிலும் மாடத்திலும் பரப்பினாள்.

"கொண்டாங்க" என்றாள்.

புத்தகங்கள் கச்சிதமாக அடங்கின. மூடியைச் சாத்திவிட்டு, ஒரு பக்கப் பிடியைப் பற்றித் தூக்கிப் பார்த்தாள். பெட்டி அசையவில்லை. இனி எந்த ஜட்காக்காரனும் அதைத் தொடமாட்டான் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியும் ஒரு ராத்திரிதான். மறுநாள் காலை, மழைக்கு நனையாத உயரமான இடம் வீட்டில் அது ஒன்றுதான் என்று சொல்லி, அரிசி மூட்டையைத் தூக்கிப் பெட்டியின்மேல் வைத்துவிட்டாள். ஏதாவது படிக்க வேண்டுமென்றால் முதலில் அந்த மூட்டையை இறக்க வேண்டும். "மழை விடட்டும்" என்றாள் கூடத்து அடுப்பை ஊதிக்கொண்டே. "இந்த மாசம் மட்டுந்தானே."